மூணு மணி அடக்கம்

யார் யாரு இருந்தாங்கன்னுதானே கேக்குற? உக்காரு அந்தோணி, சொல்றேன். நானு, உம் பொண்டாட்டி பிரபாவதி, பக்கத்து வூட்டு சவுரியம்மா, பஞ்சாயத்து கிளார்க்கு சேரன். அவ்ளோதான். வேலை நாள்ல இந்த ஊர்ல வேற எவன் இருப்பான்? வேனுக்கும் ரயிலுக்கும் காலையிலயே கெளம்பிப் போயிடுறீங்க.

உங்கப்பா, எனக்கு ஒரே அண்ணன், கொல்லையில மல்லாட்டச் செடி புடுங்கிக்கினு இருந்தாரு. பத்து மணிக்கு வரப்புல குந்தினவரு அப்டியே சாஞ்சிட்டாரு. கஷ்டப்படல. தண்ணி கூட கேக்கல.

உனக்குப் போன் பண்ணாம என்ன? பிரபா பதினோரு வாட்டி பண்ணா. சுவிட்ச் ஆஃப். கம்பெனிக்குள்ள போன் வுடமாட்டாங்கன்னு நீ சொல்லி வெச்சிருக்கியே, அதனால யாரும் தப்பா நெனக்கல.

ஆமா, ஐஸ் பெட்டி கெடைக்கும். திண்டிவனத்துல சொன்னா ஒரு மணி நேரத்துல வந்துடும். சாயங்கால ரயில்ல நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கலாம்தான். பெத்தவருக்கு ஒரு புடி மண்ணு போட வுடலியேன்னு நீ கேக்குறது ஞாயம். மூணு மணிக்கே எடுக்கணும்னு பங்குச் சாமியார்கிட்ட சொன்னது நான்தான். ஆளில்லாம பெட்டிய பொம்பளைங்களே தூக்கினோம். கூடப் பொறந்தவளா இவன்னு சவுரியம்மா மொகத்துக்கு நேரா கேட்டா. கேக்கட்டும்.

சேரன் சும்மா இருந்திருந்தா நானும் காத்திருப்பேன். அவன் கார் சாவிய எடுத்துட்டான். ஒரகடம் என்ன தூரம், கம்பெனி கேட்டுலயே நின்னு கையோட கூட்டியாறேன்றான். போவாதடான்னேன், கேக்கல. அடக்கம் இன்னிக்கே, போய் குழி வெட்ட ஆளு பாருன்னு அதட்டினப்பறம்தான் சாவிய கீழ வெச்சான்.

ஏன் தடுத்தேன்னா, அவனுக்கு முன்னாடியே நான் கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன். உம் பழைய சம்பளச் சீட்டுல நம்பர் இருந்துச்சு. ஒரு பொண்ணு எடுத்துச்சு. மரியாதையாத்தான் பேசுச்சு. மரிய அந்தோணி வேலைய வுட்டு நின்னு நாலு மாசம் ஆவுதும்மான்னுச்சு.

இல்ல, பிரபாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பகலெல்லாம் எங்க குந்திக்கினு இருக்கன்னு நானும் கேக்கல.

ஏன் எழுந்துட்ட? போறியா? சரி. வாசல்ல ஊரே குந்திக்கினு இருக்குது. எங்கிட்ட சண்ட போட்டுட்டு வர்றவன் மாரி மொகத்த வெச்சிக்கினு போ.