பொன்னுதுரையின் மேல்வரிசைப் பல்

டீக்கு நன்றி, மேடம். இஞ்சி தட்டிப் போட்ட டீ இந்தப் பக்கத்தில் அபூர்வம். நான் நிதானமாகவே சொல்கிறேன், ஏட்டம்மா எழுதிக்கொள்ளட்டும். எங்காவது வேகமாகப் போனால் கையைக் காட்டுங்கள்.

என் பெயர் கிருபாநிதி. வயது ஐம்பத்து மூன்று. சொந்த ஊர் சாயர்புரம். இருபது வருடமாகத் தூத்துக்குடியில் பல் செட் செய்கிறேன். டாக்டர் இல்லை. டாக்டர்மார் அளவெடுத்து அச்சை அனுப்புவார்கள், நான் பல்லைக் கட்டித் திருப்பிக் கொடுப்பேன். உடைந்த செட்டை ஒட்டியும் கொடுப்பேன். இங்கிருந்து காயல்பட்டினம் வரை, அந்தப் பக்கம் வேம்பார் வரை, இன்றைக்கும் முறுக்குக் கடிக்கிற பெரியவர்களில் பாதிப் பேர் என் கைவேலையால்தான் கடிக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்கு ஒரு வண்டி எவ்வளவு அவசியம் என்று புரிவதற்காகச் சொல்கிறேன்.

மார்ச் மாதம் பைக்கில் சாயர்புரம் போய்விட்டுத் திரும்பும்போது, முன்னால் போன உப்பு லாரி திடீரென்று நின்றது. நான் நிற்கவில்லை. எனக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. வண்டிக்கு முன் ஃபோர்க் வளைந்து, ஹெட்லைட் நொறுங்கி, ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. குட்டியானை வேனில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பொன்னுதுரை ஒர்க்ஷாப்பில் இறக்கினேன். பொன்னுதுரை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாடி பார்ப்பதுபோல் டேங்கில் கை வைத்தார்.

“இது ஒரு வேலையா அண்ணாச்சி? நாளைக்கு வாங்க, எடுத்துட்டுப் போயிரலாம்” என்றார்.

நான் மறுநாள் போனேன். மேடம், ஒருவர் நாளைக்கு என்றால் நாளைக்குப் போகிறவன் நான். ஃபோர்க் மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார். வந்தது, ஆனால் வேறு மாடலுக்கு உள்ளது. பிறகு வெல்டர் ஊரில் கோயில் கொடைக்குப் போய்விட்டார். வெல்டர் வந்தபோது கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது பொன்னுதுரை டீ குடிக்கப் போயிருந்தார். பேச்சு மட்டும் எப்போதும் தேனாக இருக்கும். “உங்க வண்டியத்தான் அண்ணாச்சி இப்ப தொடப்போனேன், நீங்களே வந்துட்டிய” என்பார். அதைக் கேட்டுவிட்டுக் கோபப்பட யாராலும் முடியாது. நானும் படவில்லை.

வண்டி இல்லாததால் பல்லையெல்லாம் டிபன் பாக்ஸில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோக ஆரம்பித்தேன். ஒருநாள் காயல்பட்டினம் பஸ் சடன் பிரேக் போட்டதில் டப்பா திறந்து மூன்று செட் சீட்டுகளுக்கு அடியில் உருண்டுவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் தங்கள் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கண்டக்டர் விசில் ஊதாமல் அப்படியே நின்றார். நான் முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அப்போதும் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

ஜூன் மாதம் ஒர்க்ஷாப்புக்குப் போனபோது என் வண்டி இளைத்திருந்தது. சீட் இல்லை, ஒரு பக்கக் கண்ணாடி இல்லை, செயின் கவர் இல்லை. கேட்டேன்.

“சும்மாதான அண்ணாச்சி நின்னுக்கிட்டு இருக்கு. அவசரம்னு வந்தாங்க, கழத்திப் போட்டுக் குடுத்தேன். எந்த வண்டி சாமானும் எந்த வண்டிக்கும் அரத்தால கொஞ்சம் ராவுனா சேந்துரும்” என்றார்.

நியாயமான பேச்சுதான். நான் அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவரே என் கடைக்கு வந்தார். வாயைத் துண்டால் மூடியிருந்தார். கையில் ஒரு பேப்பர் பொட்டலம். பிரித்தால் மேல்வரிசைப் பல் செட், நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கோழிக்கால் எலும்பைக் கடித்ததாகச் சொன்னார், அல்லது சொன்னதாக நான் புரிந்துகொண்டேன். அவருக்கு மேலே ஒரு பல்கூடச் சொந்தமில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நல்ல தரமான செட். அரை மணி நேர வேலை.

“இது ஒரு வேலையா?” என்றேன். “நாளைக்கு வாங்க.”

இதை எழுதிக்கொள்ளுங்கள் மேடம்: பல்லை அன்றைக்கே ஒட்டிவிட்டேன். பாலிஷும் போட்டேன். தொழிலில் நான் கை குறைத்ததே இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வந்தார். பசை தீர்ந்துவிட்டது என்றேன். அதற்கடுத்த நாள் பசை வந்தது, ஈறு வார்க்கிற மாவு வரவில்லை என்றேன். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. காத்திருப்பது என்றால் என்ன என்று அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்பதுதான் என் எண்ணம். பத்து நாளில் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன்.

அதற்குள்தான் பால்காரர் பேச்சிராஜா வந்தார். அவருடைய வண்டி பொன்னுதுரையிடம் பதினோரு மாதமாகக் கிடந்தது ஊருக்கே தெரியும். அன்றைக்கு அவர் அந்த வண்டியிலேயே வந்து இறங்கினார்.

நடந்தது இதுதான். மேல்பல் இல்லாமல் பொன்னுதுரை “நாளைக்கு” என்றால் “ஞாயித்துக்கு” என்று காதில் விழுந்திருக்கிறது. பேச்சிராஜா ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். அவர் மட்டுமில்லை, ஏழெட்டுப் பேர். பொன்னுதுரையால் விளக்கம் சொல்ல முடியவில்லை. பேசப் பேசக் காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் ஸ்பேனரை எடுத்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். டீக்கடைக்கும் போவதில்லை, அங்கே போனால் பேச வேண்டும், சிரிக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராமல் வேலை. இருபத்தைந்து வருட ஒர்க்ஷாப்பில் அப்படி ஒரு சுறுசுறுப்பை யாரும் பார்த்ததில்லை.

பேச்சிராஜா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, உங்களக் கையெடுத்துக் கும்புடுதேன். அந்தப் பல்ல மட்டும் குடுத்துராதிய. இன்னும் நாப்பது வண்டி உள்ள கெடக்கு” என்றார்.

ஒரு மனிதனின் பல்லா, நாற்பது குடும்பத்தின் வண்டியா என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். அதற்குமேல் இது என் சொந்த விவகாரமாக இல்லை. பேச்சிராஜா போகும்போது அவருடைய வண்டியில் என் சீட் இருப்பதைக் கவனித்தேன்.

ஜூலையில் பொன்னுதுரை திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார், வேறு ஆளிடம் புதுச் செட் கட்டிக்கொள்ள. பல் கட்டுகிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மாவட்டம் தாண்டியும் எல்லாரும் அதில் இருக்கிறோம். ‘பொன்னுதுரை என்று ஒருவர் வருவார், ஈறு இன்னும் ஆறவில்லை, யாரும் அவசரப்பட வேண்டாம்’ என்று போட்டேன். பதினான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அது பொய்யா என்றால், முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. யாருடைய ஈறும் முழுதாக ஆறிவிட்டது என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார்.

அவர் கஞ்சியும் கூழுமாக எட்டுக் கிலோ குறைந்தார். முன்பு இருந்த தொந்தி போய்விட்டது. பார்க்க நன்றாகவே இருந்தார்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் கல்யாணப் பத்திரிகையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். மகள் செல்வராணிக்கு ஆவணியில் கல்யாணம். துண்டை வாயிலிருந்து எடுக்காமல், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “ஒரே பிள்ள அண்ணாச்சி. சம்பந்திய முன்னால நின்னு வாங்கன்னு ஒரு சொல்லு ஒழுங்காச் சொல்லணும். போட்டோவுல சிரிக்கணும். வேற ஒண்ணும் கேக்கல.” கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவி விரலில் பட்டது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு வண்டி போயிற்று. என் டேங்க். நீல டேங்கில் என் மனைவி ஒட்டிய புறா ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது.

“சென்னையிலிருந்து ரோஸ் கலர் மாவு வர வேண்டியிருக்கிறது” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வேம்பாரிலிருந்து மாசானம் என்று ஒருவரை டாக்டர் அனுப்பினார். பலசரக்குக் கடைக்காரர். கடலில் குளிக்கும்போது தும்மியிருக்கிறார், அலை அவருடைய மேல்வரிசையைக் கொண்டுபோய்விட்டது. நம் முன்னோர் முத்தெடுத்த கடலில் இவர் ஒரு செட் பல்லைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். மகனுக்குக் கல்யாணம், அவசரம் என்றார். பத்திரிகையை எடுத்து நீட்டினார். மணமகள் செல்வராணி.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம். பத்திரிகையை நான் இரண்டு தடவை படித்தேன் மேடம்.

புதுச் செட் கட்ட நாள் போதாது. டிராயரில் ஒன்று சும்மாதானே இருந்தது. நன்றாகக் கழுவி, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்தை ராவி, உள்ளே புது லைனிங் கொடுத்தேன். கொஞ்சம் ராவினால் சேரும் என்பது உண்மைதான். மாசானம் வாயில் அது அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்து, “ஏயப்பா, இவ்வளவு சீக்கிரமா? உங்கள மாதிரித் தொழில்காரங்கதான் நாட்டுக்கு வேணும்” என்றார். எனக்கு நிறைவாக இருந்தது.

கல்யாணத்துக்குப் போனேன். இரண்டு வீட்டிலும் அழைத்திருந்தார்கள், போகாமல் இருந்தால் மரியாதை இல்லை. தாலி கட்டி முடித்து நல்லபடியாகப் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் மூன்றாவது வரிசையில் பாயசத்தில் இருந்தேன். மேடையில் போட்டோ எடுத்தார்கள். மாசானம் மண்டபமே தெரியச் சிரித்தார். பக்கத்தில் பொன்னுதுரை துண்டோடு நின்றவர், சம்பந்தியின் வாயையே பார்க்க ஆரம்பித்தார். மெக்கானிக் அல்லவா. தன் கையில் புழங்கிய சாமானைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துகொள்வார். இடப்பக்கம் இரண்டாவது பல்லில் ஒரு சின்ன வெட்டு உண்டு. வருடக்கணக்காக வயரைக் கடித்து உரித்ததில் வந்தது. ராவும்போது நானும் பார்த்தேன், அதை மட்டும் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பொன்னுதுரை தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்துக்கொண்டு சம்பந்தியிடம் போனார். ஊட்டிவிடப் போகிறார் என்று நினைத்து மாசானம் வாயை அகலமாகத் திறந்தார். போட்டோக்காரர், “அப்படியே, அப்படியே இருங்க” என்றார். பொன்னுதுரை லட்டைக் கீழே போட்டார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுகிற பக்குவத்தில் இரண்டு விரலை உள்ளே விட்டு, ஒரு திருகு திருகி, செட்டை வெளியே எடுத்தார். தன் வாய்க்குக் கொண்டுபோனார்.

“எப்பா, அதக் கழுவிட்டாவது போடுங்க” என்றாள் மணப்பெண்.

அவர் கழுவவில்லை. உள்ளே லைனிங் மாறியிருந்ததால் சரியாகப் பொருந்தவும் இல்லை. ஆனாலும் இரண்டரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் வாயிலிருந்து ஒரு பேச்சு தெளிவாக வந்தது. “ஏலே கிருபாநிதி” என்றார். அதுவரை என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். பாயசத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

அப்புறம் சம்பந்திகள் இரண்டு பேரும் அந்த ஒரு செட்டுக்காகப் பந்தி இலைமேல் உருண்டார்கள். ஏட்டு ஐயா வந்து அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சீல் வைத்தார். அதெல்லாம் உங்களுக்கே தெரியும். இப்போது இரண்டு பேருக்கும் மேல்பல் இல்லை. ஒன்றாக உட்கார்ந்து கூழ் குடிக்கிறார்களாம், முன்பைவிட நெருக்கமாகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதிலும் என் பங்கு கொஞ்சம் இருக்கிறது.

ஆக, நம்பிக்கை மோசடி என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை. பல்லைப் பூட்டி வைத்தது நான். திருநெல்வேலியில் தடுத்தது நான். ஒருவர் பல்லை இன்னொருவர் வாயில், ஆளும் உறவும் தெரிந்தே, பொருத்தியது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் பழிவாங்கினேன் என்று ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அது என் சுபாவத்தில் இல்லை. யாரையும் காக்கவைத்துக் காரியம் சாதித்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

நல்லவேளை, ஞாபகம் வந்தது. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன ஹென்றி சார் உங்கள் அப்பாதானே, ஈவாஞ்சலின் மேடம்? அவருடைய செட் போன செவ்வாய்க்கிழமையே தயார், மேலும் கீழும். டிராயரில் பத்திரமாக இருக்கிறது. என் வண்டி விபத்துக்கு இந்த ஸ்டேஷன் கொடுக்க வேண்டிய சான்றிதழை மார்ச்சிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்ஷூரன்ஸ்காரர்கள் அது இல்லாமல் நகரமாட்டேன் என்கிறார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சான்றிதழ் கைக்கு வருகிறவரை அப்பாவைக் கெட்டியாக எதையும் கடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.