மண்ணாங்கட்டியின் ஆடுகள் செத்தது குறித்து அம்சவள்ளி சொன்னது

திண்டிவனம் நீதித்துறை நடுவர் முன் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் அம்சவள்ளி, வயது முப்பத்து நான்கு, கணவர் பெயர் சீனுவாசன். பெருமுக்கல் கிராமத்தில் மாரியம்மன் கோயில் தெருவில் குடியிருக்கிறேன். சொந்த நிலத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிரிடுகிறோம். கணவருக்கு எதிராகப் பேச என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று நடுவர் அய்யா எடுத்துச் சொன்னார். புரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

எங்களுக்கு வெண்ணிலா என்று ஒரே மகள். மூன்றாம் வகுப்பு படித்தாள். போன ஆவணி மாதம் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, திண்டிவனத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி போட்டோம். பூச்சி ஏதாவது கடித்ததா என்று அங்கே கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு உள்ளங்கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளிகள் வந்து, நினைவு தப்பியதால், விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் அவள் தலைமுடியை ஒதுக்கிப் பார்த்து, காதுக்குப் பின்னால் இருந்து ஓர் உண்ணியைப் பிடுங்கி எடுத்துச் சின்ன பாட்டிலில் போட்டார். இது உண்ணிக் காய்ச்சல், மாத்திரை உண்டு, ஆனால் தாமதமாகிவிட்டது என்றார். மறுநாள் மகள் இறந்துவிட்டாள்.

அதன் பிறகு, காரியம் முடிந்த வாரத்தில், கால்நடை ஆய்வகத்திலிருந்து மலர்விழி என்ற பெண் ஊருக்கு வந்தார். மகள் தலையில் எடுத்த உண்ணி அவரிடம்தான் போயிருந்தது. அது என்ன உண்ணி என்று நான் கேட்டேன். "இது வளராத குட்டி உண்ணி, அக்கா. புடுங்கும்போது வாயும் அறுந்து போச்சு. ஆட்டு உண்ணியா, மாட்டு உண்ணியா, நாய் உண்ணியான்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது. அதோட மரபணுவப் படிச்சாதான் தெரியும்" என்றார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எங்கள் மாடுகளிலும், எங்கள் நாயிடமும், எங்கள் கொல்லையை ஒட்டிக் குடிசை போட்டு ஆடு வளர்க்கும் மண்ணாங்கட்டியின் பட்டியிலும் உண்ணிகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் பட்டிக்குள் போய் வந்ததைத் தெருவே பார்த்தது. மகள் தினமும் அங்கே போய் ஆட்டுக்குட்டிகளோடு விளையாடுவாள். என் கணவர் என்னிடம், "பட்டியிலருந்து பாட்டில்ல புடிச்சிக்கினு போவுது பாத்தியா? அந்த ஆட்டுங்கதான்" என்றார். நான், "நம்ம மாட்டுலயும் நாயிலயும் கூடத்தான் எடுத்துச்சு. ரெண்டு வாரம் இருங்க" என்றேன். அதற்கு அவர், "எம் பொண்ணு இருந்தாளா ரெண்டு வாரம்?" என்றார்.

அதன் பிறகு, மண்ணாங்கட்டியும் அவர் மனைவி பொன்னியும் கரும்பு வெட்டப் போயிருந்த ஒரு மத்தியானத்தில், என் கணவர் மோட்டார் கொட்டகையிலிருந்து பூச்சி மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு பட்டிப் பக்கம் போவதையும், ஆடுகளின் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுவதையும் நான் கொல்லையிலிருந்து பார்த்தேன். கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய்த் தொட்டியைக் கவிழ்த்தபோது ஆடுகள் குடித்து முடித்திருந்தன. சாயங்காலத்துக்குள் எல்லாம் செத்தன. அதில் ஒரு குட்டியின் கழுத்தில் வெண்ணிலாவின் பள்ளிக்கூட ரிப்பன் கட்டியிருந்தது. பொன்னி அதை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார்.

மண்ணாங்கட்டி போலீசில் புகார் கொடுத்தார். ஆனால் ஊரில் எல்லோரும் குழந்தையைக் கொன்ற அதே நோய்தான் ஆடுகளையும் கொன்றது என்று சொன்னதால் அது அப்படியே நின்றுவிட்டது. நானும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு பொன்னி ஒருநாள் கொல்லையில் என்னைப் பார்த்து, "ஆடு போனது போவட்டும்மா. பைப்புல தண்ணி புடிக்க உட மாட்டேன்றாங்க. எங்க புள்ளைங்க பக்கத்துல யாரும் ஒக்கார மாட்டேன்றாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கம்மா" என்றார்.

சொன்னபடி, உண்ணிகளை எடுத்துப்போன இரண்டு வாரத்தில் மலர்விழி போன் செய்தார். திண்டிவனத்தில் அவரைப் பார்த்தேன். ஒவ்வொரு இன உண்ணிக்கும் மரபணுவில் ஒரு பகுதி வேறு வேறாக இருக்கும் என்றும், மகள் தலையில் இருந்ததன் அந்தப் பகுதி நாய் உண்ணியோடுதான் பொருந்துகிறது என்றும், எங்கள் நாயிடம் எடுத்தவற்றில் அதே காய்ச்சல் கிருமியும் இருந்தது என்றும், ஆடுகளில் எடுத்த எதிலும் அது இல்லை என்றும் சொன்னார். "தப்பா இருக்க வழியே இல்லியாம்மா?" என்று கேட்டேன். "மூணு தடவ பாத்துட்டேன்க்கா" என்றார். ஆடுகள் செத்தது அவருக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர், "பொண்ணு கேட்டாளேன்னு நாந்தானே இரும்பை ஊர்லருந்து அந்த நாயத் தூக்கியாந்தேன்" என்றார். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாத அம்சா" என்றார்.

நான் பொன்னியிடம் சொல்லப் போனேன். குடிசையில் கூரை ஷீட்டைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். குடும்பத்தோடு எங்கோ செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகப் பக்கத்தில் சொன்னார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை. போன் போகவில்லை. தெருவில் இருப்பவர்களிடம் ஆய்வு முடிவைச் சொன்னேன். "இனிமே அத வெச்சி இன்னா பண்றது, உடு" என்றார்கள்.

அவர்களாலோ அவர்கள் ஆடுகளாலோ எந்த நோயும் வரவில்லை என்று எங்காவது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக வந்தேன். இன்று காலை என் கணவரே என்னை பைக்கில் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. பஸ் வரும்வரை நின்றிருந்தார்.

நான் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நடந்தது இதுதான். மாற்ற ஏதாவது இருக்கிறதா என்று நடுவர் அய்யா கேட்டார். மாற்ற ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) சீ. அம்சவள்ளி