மாட்டிக்கொள்ளும் காட்சி

திருடனும் காதலும் கலந்த பழைய சிரிப்புப் படங்கள் என்றால் எனக்கு உயிர், சார். திருடன் நல்ல கோட்டு போட்டிருப்பான், துரத்துகிற போலீஸ்காரருக்கே சிரிப்பு வரும், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. பார்த்துவிட்டுப் படுத்தால் நன்றாகத் தூக்கம் வரும்.

மியூசியத்தில் நான் பூட்டு மெக்கானிக். நம்மவள் என்று நான் சொல்கிறவள் அங்கேயே ஓவியங்களைப் பழுதுபார்ப்பவள். மாதம் ஒருமுறை, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊழியர்களுக்குப் படம் போடுவார்கள். போன மாதப் படத்தில், ஓவியம் திருட வந்தவனும் ஒரு பெண்ணும் சின்ன அறையில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் அவனைத் திட்டித் தீர்க்கிறாள். இடம் போதாமல் முழங்கால்கள் இடித்துக்கொள்கின்றன. வெளியே வரும்போது அவள் அவனுடைய ஆள். பக்கத்து நாற்காலியில் இருந்த நம்மவள், "இப்படி மாட்டிக்கிட்டாக்கூட நல்லாத்தான் இருக்கும்ல?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஓவியக் கிடங்குக்குள் போகிறவர்கள் பை, போன், பேனா எல்லாவற்றையும் வெளியே பெட்டியில் வைத்துவிட வேண்டும். அந்த விதியைப் போட்டது நான் இல்லை. அவளுடைய இன்ஹேலர் பையோடு வெளியே இருந்துவிட்டதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? சனிக்கிழமை மதியம் அவளைத் தவிர எல்லோரும் கிளம்பியதும், பூட்டைச் சரிபார்க்க வந்தவன் போல அவள் இருந்த கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உள்பக்கக் கைப்பிடியைக் காலையிலேயே கழற்றியிருந்தேன்.

முதலில் திட்டினாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பிறகு கதவைத் தட்டத் தொடங்கினாள். தட்டித் தட்டி இருமல் வந்துவிட்டது. உட்கார வைத்து முதுகைத் தடவினேன், கையைத் தட்டிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"அண்ணா, எனக்கு வீசிங் இருக்கு. பை வெளிய இருக்கு. ஏதாவது பண்ணுங்க."

அண்ணா என்றது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிக் கூப்பிடாதே என்றேன். சட்டைப்பையில் இருந்த கைப்பிடியை எடுத்துக் காட்டினேன். மாட்டி ஒரு திருகு திருகினால் கதவு திறந்துவிடும். உடனே புரிந்துகொண்டாள், கெட்டிக்காரி.

"உங்களை எனக்குப் பிடிக்கும். நிஜமாப் பிடிக்கும். கதவைத் திறங்க."

என் வாழ்நாளில் ஒரு பெண் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை, சார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். இன்னும் ஒரு தரம் கேட்டேன். அதை அவள் சொல்லி முடிக்கவில்லை.

கைப்பிடி கையில் இருந்தும் நான் திறக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எங்களுக்குள் ஒன்றுமே இல்லை என்று அவளுடைய கணவர் எழுதிக் கொடுத்திருக்கிறாராமே, அதை மட்டும் கோடு போட்டு அடித்துவிடுங்கள். உள்ளே இருந்தது அவரா, நானா?