பலகைக்கு அடியில தட்டிப் பாருங்க

அங்க இல்லண்ணே. இன்னும் கொஞ்சம் பின்னாடி. வேன் சக்கரத்துக்கு மேல பலகைய ஆணி அடிச்சு வச்சிருக்கு பாருங்க, அதுக்கு அடியில தட்டுங்க. சுத்தியலால தட்டுங்க, கையால தட்டினா ஒண்ணும் தெரியாது. மெதுவா, மெதுவா. எதுத்த வீட்டு பாப்பாயிக்குக் காது ரொம்ப நீளம். நான் தண்ணி குடுக்க வந்தவ மாதிரி இந்தச் சொம்பப் புடிச்சுக்கிட்டே நிக்கிறேன். நீங்க எம் பக்கம் திரும்பாம வேலையப் பாருங்க.

கேட்டுச்சா? முன்னாடி தட்டினப்ப கணீர்னு கேட்டுச்சு, இங்க பொத்துப் பொத்துன்னு கேக்குது. அது இரும்பே இல்லண்ணே. எங்க வீட்டுக்காரரு போன மாசம் ஓட்டையெல்லாம் பட்டி வச்சு அடைச்சு, மேல கறுப்பு பெயிண்ட் அடிச்சுட்டாரு. நேத்து நீங்க டார்ச்சு அடிச்சு முன்பக்கம் வரைக்கும்தான் பாத்தீங்க. அதுக்கு இந்தப் பக்கம் பாக்கவே இல்ல. நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

அவரு வர இன்னும் கால் மணி நேரம் ஆகும். டிரையல் ஓட்டப் பெட்ரோல் பத்தாதுன்னு மதுரை ரோட்டு பங்க்குக்கு சைக்கிள்ல போயிருக்காரு. திரும்பி வரப்ப அந்தத் தெரு முனையில மணி அடிப்பாரு, அது ஒரு பழக்கம். மணி கேட்டா நீங்க எதுவும் தெரியாத மாதிரி இருந்துடணும். சத்தியம் பண்ணுங்க. வேணாம், வேணாம், சத்தியமெல்லாம் வேணாம், வீட்ல வாயும் வயிறுமா இருக்காங்கன்னு சொன்னீங்க. தலைய ஆட்டினாப் போதும்.

என்ன பொம்பள இவ, விக்கிற வீட்டுக்காரியே வந்து துருவக் காட்டுறாளேன்னு பாக்குறீங்க. காட்டணும்னு நெனைக்கலண்ணே. மண்ணச்சநல்லூர் மில்லுலேருந்து தவிடு ஏத்தத்தான் வண்டின்னு நேத்து சொன்னீங்கள்ல, அப்ப நான் அடுப்படியில நின்னுக்கிட்டு சமயபுரத்தாளுக்கு மாவிளக்கு நேந்துக்கிட்டேன். தவிட்டு மூட்டை கீழ விழுந்தா அள்ளிக்கலாம். வாயத் தொறக்காம இருந்துடலாம்னுதான் இருந்தேன். இன்னைக்கு வந்து நின்னுக்கிட்டு, வர்ற ஞாயித்துக்கெழம பொண்டாட்டியையும் ரெண்டு புள்ளைங்களையும் பின்னாடி பாய் விரிச்சு உக்கார வச்சு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லிட்டீங்களே. அதக் கேட்டதும்தான் சொம்பத் தூக்கிட்டு ஓடி வந்தேன். ஆறு மாசம்னு வேற சொல்றீங்க.

அந்தத் திருப்புளிய எடுத்துக் குத்துங்க. அட, என்னத்துக்கு யோசிக்கிறீங்க, எங்க வண்டிதான, நான் சொல்றேன், குத்துங்க.

பாத்தீங்களா. கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு.

ஐயோ, எந்திரிக்காதீங்கண்ணே. பாப்பாயி வாசல்ல நிக்கிறா. வேணாம்னு சொல்லிட்டுக் கெளம்பிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்த வண்டி இன்னைக்கு இந்த வாசல விட்டுப் போயாகணும். போகலேன்னா நாளைக்கழிச்சு ஸ்ரீரங்கத்துல சித்திரைத் தேரு, எம் பொண்ணு ராக்கம்மாளையும் தெருப் புள்ளைங்களையும் இதுல ஏத்திக்கிட்டு அவரே ஓட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. புள்ளைங்க இப்பவே ரிப்பன் எடுத்து வச்சுக்கிட்டுக் குதிக்குதுங்க. எனக்கு மூணு நாளா சோறு எறங்கல. நீங்க வாங்கணும்ணே. ஆனா தெரிஞ்சு வாங்கணும். பாலக்கரையில இருதயநாதன்னு ஒரு டிங்கர் இருக்காரு, அடிச்சட்டத்த அறுத்துட்டுப் புதுசு வச்சு வெல்டிங் பண்ணிக் குடுப்பாரு. அது வரைக்கும் ஒரு ஈ காக்காய ஏத்தாதீங்க. அந்தச் செலவக் கழிச்சுக்கிட்டு வெலையக் கேளுங்க. அவரு மொறைப்பாரு, அப்புறம் எறங்கி வருவாரு. வராட்டி நான் எறங்க வைக்கிறேன்.

ரசீது யாரு பேருலன்னா, அவரு பேருலதான். நான் எப்படிண்ணே அதச் சொல்றது. அந்தக் கதவுல வெள்ளப் பெயிண்ட்ல எழுதியிருக்கு பாருங்க. ஆமா, அதான். கட்டிக்கிட்டு வந்து பதினாறு வருஷமாச்சு, ரேஷன் கார்டுக்கு எழுத வந்தப்பகூட பாப்பாயியத்தான் கூப்புட்டு சொல்லச் சொன்னேன். அவ சிரிச்சா. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா.

என்ன, அந்தத் துருவ நாக்குல வச்சா பாத்தீங்க? கெட்டிக்காரர்தான் நீங்க. கரிக்குதா. கரிக்கத்தான் செய்யும். இல்லண்ணே, உப்பு லோடெல்லாம் இது ஓடினதே இல்ல. மிலிட்டரி ஏலத்துல எடுத்த வண்டி, எடுத்த நாள்லேருந்து வாழத்தாரு, நெல்லு மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம், அவ்ளோதான். இந்த வண்டி கடலப் பாத்ததே இல்ல. நானும் பாத்ததில்ல.

நான்தான் ஊத்தினேன்.

ஆமா, நான்தான். சாயங்காலம் வண்டி வந்து நின்னா கழுவுறது எப்பவும் என் வேல. போன ஆவணியிலேருந்து தெனம் ஒரு வாளியில கல்லுப்ப ரெண்டு கை போட்டுக் கரைச்சு, அத இந்தப் பலகை இடுக்குல ஊத்தினேன். மேலுக்கு நல்ல தண்ணி, அடியில உப்புத் தண்ணி. புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி வண்டியக் கழுவுறா பாருன்னு தெருவே பேசுச்சு. அவருக்குப் பெரும தாங்கல. ரசூல் பாய் கடையில, என்னம்மா இவ்ளோ உப்பு வாங்குறன்னு கேட்டாரு. எலுமிச்சங்கா ஊறுகா போட்டு விக்கிறேன்னு சொன்னேன். அப்புறம் பாய் ஊறுகா கேக்க ஆரம்பிச்சுட்டாரு, அதுக்காகவே போட்டேன்.

பைத்தியமான்னு கேளுங்க. கேக்கலாம். துருப்புடிச்சுப் போச்சுன்னா வண்டிய ஓரங்கட்டிடுவாருன்னு நெனச்சேன். காந்தி மார்க்கெட்ல எங்க கொழுந்தனாரு கமிஷன் மண்டி வச்சிருக்காரு, வந்து கல்லாவுல உக்காரு அண்ணேன்னு ரெண்டு வருஷமாக் கூப்புடுறாரு. வண்டி இருக்கிற வரைக்கும் இவரு போக மாட்டாரு. அதான் வண்டியக் கொன்னுடலாம்னு பாத்தேன். இவரு என்னடான்னா, துருவப் பாத்ததும் பட்டிய வாங்கிட்டு வந்து உக்காந்துட்டாரு. துருப்புடிச்ச வண்டியிலதான அவரு எட்டு மாசமாப் போயி வந்தாருன்னு எனக்கு இப்பத்தான் ஒறைக்குது. அது பாதி வழியில முறிஞ்சிருந்தா? புத்தி அன்னைக்கு அதுல போகலண்ணே. பயத்துல ஒண்ணத்தத்தான் பாக்குறோம், பக்கத்துல இருக்கிறது தெரிய மாட்டேங்குது. விக்கிறேன்னு அவரே வாய் விட்டுச் சொன்னப்ப நான் உள்ள போயி அழுதுட்டேன். ஒத்துக்கிட்டாரே, வண்டி போனா மண்டிக்குப் போறேன்னு ஒத்துக்கிட்டாரே, அது போதும்னு இருந்துச்சு.

எதுக்கு இவ்ளோ பயம்னா... இந்தத் தண்ணியக் கொஞ்சம் குடிங்க. சும்மா குடிங்க, பாப்பாயி பாக்கட்டும்.

அந்தப் பக்கம் இடது கதவுலேருந்து பின்னாடி வரைக்கும் ஒரு நீளக் கோடு இருக்குல்ல, பெயிண்ட் அடிச்சும் மறையாம? அது போன ஆடிப் பெருக்குல விழுந்தது. அம்மா மண்டபத்துக்குப் போனோம். பின்னாடி தெருப் பொம்பளைங்க பதினோரு பேரு, கைக்கொழந்த ரெண்டு. முன்னாடி அவரு, பக்கத்துல நான், மடியில புளியோதரத் தூக்கு. காவேரிப் பாலத்துல பாதி வந்திருப்போம். தண்ணி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு, செக்கச் செவேல்னு ஓடுது. பின்னாடி இவளுங்க பாட்டு வேற. திடீர்னு வண்டி வலப்பக்கம் போச்சு. எதுக்க ஒரு பஸ்சு. அப்புறம் படக்குன்னு இடப்பக்கம் திரும்பி, பாலத்துச் செவுத்துல உரசிக்கிட்டே போயி நின்னுச்சு. ஸ்டியரிங்கு கோளாறுன்னு அவரு எல்லார்கிட்டயும் சொன்னாரு. எறங்குன பொம்பளைங்க, நல்ல டிரைவரு, பஸ்சுலேருந்து காப்பாத்திட்டாருன்னு சொல்லிக்கிட்டே எறங்குனாளுங்க. எங்கயோ கேட்டுட்டு வந்துதான் நீங்களும் காலையில ஸ்டியரிங்கத் திருப்பித் திருப்பிப் பாத்தீங்க. ஏதாவது கோளாறு தெரிஞ்சுதா? தெரியாது. எப்படித் தெரியும்?

மணி. கேட்டுச்சா? இல்ல, அது ஐஸ்காரன்.

கேளுங்க, சுருக்கச் சொல்லிடுறேன். அவரு வந்ததும், வாங்க, மலைக்கோட்டை தாண்டி பாலம் ஏறி எறங்கிக் காட்டுறேன்னு சொல்லுவாரு. உங்கள இடப்பக்கம் உக்காத்தி வச்சுட்டு அவருதான் ஓட்டுவேன்னு நிப்பாரு. விடாதீங்க. நான்தான் ஓட்டப் போறவன், நானே ஓட்டிப் பாக்குறேன்னு சொல்லிச் சாவிய வாங்கிக்குங்க. இந்த அடிச்சட்டத்த வச்சுக்கிட்டுப் பாலத்துக்கெல்லாம் போக வேணாம், ரோட்டு முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்புங்க. என்ன ஆனாலும் அவரு கையில ஸ்டியரிங்கக் குடுக்காதீங்கண்ணே.

இப்ப அடிக்கிறது அவருதான். முனை திரும்பிட்டாரு.

ஸ்டியரிங்கு ஒண்ணும் இல்லண்ணே அன்னைக்கு. அவருக்கு வலிப்பு. தூக்கத்துல ரெண்டு தடவ வந்து நான் பாத்திருக்கேன், பாலத்துல அது மூணாவது. கண்ணு மேல சொருகிடுச்சு, காலு பெடலுல வெறச்சுக்கிட்டு நின்னுச்சு. செவுத்துப் பக்கம் திருப்புனது நான்தான், எனக்கு அதான் தெரிஞ்சுது. தெளிஞ்சப்ப அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல, ஏன்டி புளியோதரையக் கொட்டுனன்னு கேட்டாரு. டாக்டர்கிட்ட வர மாட்டேங்குறாரு, எனக்கு என்ன கேடுன்னு கேக்குறாரு. வெளிய தெரிஞ்சா லைசென்சு போயிடும், ராக்கம்மாளுக்கு மாப்பிள்ள வர மாட்டான்னு கொழுந்தனாரு என் வாயக் கட்டிப் போட்டுட்டாரு. வெளியாளுன்னு உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன். அன்னைக்கு வேற என்ன பண்றதுன்னே தெரியாம அவரு பேரச் சொல்லிக் கத்தினேன். மருதை, மருதைன்னு, பாலம் பூரா கேக்குற மாதிரி. பின்னாடி பாட்டுப் பாடினவளுங்க காதுல விழல.

ஏங்க, பெட்ரோல் கெடச்சுதா? அண்ணனுக்கு வண்டி புடிச்சிருக்காம். அவரேதான் ஓட்டிப் பாக்கணுமாம். சாவிய அவருகிட்டக் குடுத்துட்டு நீங்க இந்தப் பக்கம் ஏறுங்க, கதவ நான் சாத்துறேன்.