வால் வரும்வரை

இல்லை சார், முதல் பாதி இழுவை என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பனிக்கோள் சண்டை பன்னிரண்டு நிமிடம் தேவையே இல்லை. கம்ப்யூட்டரில் வரைந்த பனி என்று அப்பட்டமாகத் தெரிகிறது. அவ்வளவு குளிரில் பேசுகிறார்கள், ஒருத்தர் வாயிலிருந்தும் ஆவி வரவில்லை. இதையெல்லாம் நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் நீங்கள் கேட்பது இரண்டாம் பாதியை. அதிலும் கடைசிப் பத்தொன்பது நிமிடங்களை. பக்கத்து இருக்கையில் என் நண்பன் மூச்சு இல்லாமல் செத்துக்கொண்டிருந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுதான் உங்கள் கேள்வி. சொல்கிறேன். படத்தை விட்டுவிட்டுச் சொன்னால் மட்டும் உங்களுக்குப் புரியாது.

என் வாக்குமூலத்தை உங்கள் உதவியாளர் ஒற்றை விரலால் தட்டுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் நானே அடித்துத் தருகிறேன் என்றேன். ஜெராக்ஸ் கடையில் டைப்பிங்கும் என் வேலைதான். ஒரு மணி நேரத்தில் பத்துப் பக்கம் அடிப்பேன். பிழை இருந்தால் மன்னிக்கவும், உங்கள் கீபோர்டில் சில எழுத்துகள் அமுங்க மாட்டேன் என்கின்றன.

அவன் ஏசி மெக்கானிக். வீட்டில் வைத்த பெயர் உங்கள் கோப்பில் இருக்கும். எங்கள் கூட்டத்தில் அவன் கூலிங், நான் ஜெராக்ஸ். மொத்தம் பன்னிரண்டு பேர் இருந்தோம். விண்வெளிப் படம், சூப்பர்ஹீரோ படம் எது வந்தாலும் முதல் நாள் முதல் காட்சி. பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே எங்கள் சேனலில் பத்துக்கு எத்தனை மார்க் என்று சொல்வோம். நாங்கள் என்றால் கூலிங். அவனுக்குத்தான் குரல். குறிப்பெடுப்பது, வெட்டி ஒட்டுவது, தலைப்பு வைப்பது எல்லாம் நான். அவன் ஒரு படத்துக்கு நாலு மார்க் போட்டால் அடுத்த நாள் என் கடைக்குப் பிரிண்ட் எடுக்க வருகிற கல்லூரிப் பிள்ளைகள் வரைக்கும் அந்தப் படத்தை நாலு மார்க் படம் என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த நாலில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்களுக்கு விதிகள் உண்டு. பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்தபிறகு ஒரு குட்டிக் காட்சி வருமில்லையா, அதை நாங்கள் வால் என்போம். வால் முடியும்வரை யாரும் எழக்கூடாது. படம் ஓடும்போது பேசக்கூடாது. சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் உட்காருவதற்கு முன்பே ஒரு துணிப்பையில் போட்டுவிட வேண்டும். போன், சாவி, மிட்டாய், எல்லாம். ஒருமுறை ஒருத்தி மிட்டாய்த் தாளைப் பிரித்த சத்தத்தில் வில்லனின் கடைசி வார்த்தை யாருக்கும் கேட்காமல் போனது. அதிலிருந்து இந்தப் பழக்கம். பை என் மடியில் இருக்கும். அவசரம் என்றால் என் முழங்கையில் இரண்டு தட்டு. நான் ஓசைப்படாமல் ஜிப்பைத் திறந்து எடுத்துக் கொடுப்பேன்.

ஆமாம், அவனுடைய இன்ஹேலரும் அந்தப் பையில்தான். எப்போதுமே அங்கேதான் இருக்கும்.

பன்னிரண்டு பேர் எப்படி இரண்டு பேர் ஆனோம் என்று கேட்டீர்கள். சண்டை எதுவும் இல்லை. ஒருத்தனுக்குக் கல்யாணம், ஒருத்திக்கு வேறு ஊரில் வேலை, ஒருத்தனுக்குக் குழந்தை. சிலர் காரணமே சொல்லவில்லை. படங்களும் அப்படித்தான் ஆகிவிட்டன என்பான் கூலிங்.

"செத்தவன் எவனாவது செத்தே கெடக்குறானாடா? மூணாம் பாகத்துல பொதைச்சவன நாலாம் பாகத்துல வேற உலகத்துலேர்ந்து கூட்டிட்டு வர்றான். நாம அழுததுக்கு ஒரு மரியாத வேணாமா?"

அவன் சொன்னது வெளிச்சக்காரன் படங்களை. ஏழு பாகம். முதல் பாகம் வந்தபோது எங்களுக்கு மீசை முளைக்கவில்லை. உடம்பில் ஒளியை வைத்துக்கொண்டு ஊரைக் காப்பாற்றுகிற ஒருவன். இந்த ஏழாம் பாகத்தோடு தொடர் முடிகிறது. அதில் அவன் தன் ஒளியை முழுதாகக் கொடுத்துவிட்டு நிஜமாகவே இறந்துபோவான், திரும்பி வரவே மாட்டான் என்று நான் கணித்திருந்தேன். சும்மா வாயால் இல்லை. ஆறு பாகங்களையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து நான்கு மாதம் எழுதினேன். எண்பத்தாறு பக்கம். ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டை வைத்து, ஒரு பிரதியைக் கூலிங்கிடம் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு அலுவலக மொட்டைமாடியில் அவன் வேலை பார்க்கிற இடத்துக்குப் போயிருந்தேன். ஏசியின் வெளிப்பெட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் அடியில் எதையோ முட்டுக் கொடுத்திருந்தான். என் பிளாஸ்டிக் அட்டை தெரிந்தது.

"கோவிச்சுக்காதடா. கைக்கு வேற ஒண்ணும் ஆப்புடல. நாளைக்கு எடுத்துடுறேன்."

"படிச்சியா?"

"பத்துப் பக்கம் படிச்சேன். எல்லாம் நெட்ல எவனெவனோ எழுதினதுதானேடா. உன் பேர சும்மாவா ஜெராக்ஸ்னு வச்சோம்?"

சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் அப்படித்தான், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவன் இல்லை. இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

ஏழாம் பாகம் வந்த அன்று காலை ஒன்பது மணிக் காட்சி. அவன் அம்மா தையல் கடையிலிருந்து எனக்கு போன் செய்தார். "தம்பி, நேத்துலேர்ந்து விடாம இருமுறான்பா. அந்த உறிஞ்சுற மருந்த எடுத்துக்கிட்டானான்னு கொஞ்சம் பாத்துக்க."

"எடுத்துக்கிட்டாம்மா. என் கையிலதான் இருக்கு. நீங்க கவலைப்படாதீங்க."

நான் பொய் சொல்லவில்லை. என் கையில்தான் இருந்தது.

அரங்கில் எங்களைச் சேர்த்துப் பதினோரு பேர். முதல் பாகத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் தரையில் உட்கார்ந்து பார்த்த ஊர் இது. கூலிங் உள்ளே நுழைந்ததும் மேலே பார்த்து மூக்கைச் சுளித்தான். "ஃபில்டர கழுவி ஆறு மாசம் ஆயிருக்கும்டா. நாய் நனைஞ்ச மாதிரி வாட வருது பாரு. இதுல உக்காந்தா எனக்கு இழுக்கும்." சொல்லிவிட்டுப் போனையும் சாவியையும் இன்ஹேலரையும் பையில் போட்டான். விதியை அவனும் மதித்தான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இடைவேளையில் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான். கொஞ்சம் இருமினான். இன்ஹேலரைக் கேட்டு வாங்கி ஒருமுறை இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"போயிடலாம்டா."

"இன்னும் பாதி இருக்கு."

"பாதி பாத்தாச்சுல்ல? அவன் சாவான், அப்புறம் வருவான். இன்னிக்கு சாயங்காலம் நாலு மார்க்குன்னு சொல்லிட்டு சேனலையும் மூடிடலாம். போதும்டா. எனக்கு வேலை நெறைய வருது, அம்மாவும் கல்யாணப் பேச்சு எடுக்குறாங்க. எத்தன நாளைக்கு இத கட்டிக்கிட்டு அழறது?"

சேனலின் கடவுச்சொல் அவனிடம்தான் இருந்தது. அவன் மூடினால் மூடினதுதான். எனக்கு என்ன மிஞ்சும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். காலையில் ஷட்டரைத் தூக்குவேன். மெஷின் சூடாக இரண்டு நிமிடம். பிறகு மற்றவர்களின் சான்றிதழ்கள், மற்றவர்களின் விண்ணப்பங்கள். சாயங்காலம் ஷட்டரை இறக்குவேன். அதற்குப் பிறகு யாரிடம் பேசுவேன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் படிக்கட்டில் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன், சார். வெட்கமில்லாமல் கெஞ்சினேன். முடிவை மட்டும் பார், நான் எழுதினது சரியா தப்பா என்று மட்டும் பார், அதற்கப்புறம் நீ என்ன மார்க் வேண்டுமானாலும் போடு என்றேன்.

அவன் படிக்கட்டிலிருந்து எழுந்தான். "சரி வா. உனக்காக."

எனக்காகத்தான் உள்ளே வந்தான். அதை நான் என்றைக்கும் மறுக்கமாட்டேன்.

இனி அந்தப் பத்தொன்பது நிமிடங்கள். திருட்டு வீடியோ எடுப்பவர்களைப் பிடிக்கத் திரைக்கு மேலே வைத்திருக்கிற கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது என்றீர்கள். நல்லது. நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளிச்சக்காரன் கோபுரத்தின் உச்சிக்கு ஏறுகிறான். வில்லன் அவனிடம், ஒளியைக் கொடுத்தால் நீ திரும்ப முடியாது என்கிறான். என் எழுபத்தோராம் பக்கத்தில் கிட்டத்தட்ட இதே வசனம் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சரியாக அந்த நேரத்தில் முழங்கையில் இரண்டு தட்டு.

ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன். அவன் மறுபடியும் தட்டினான். மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். முந்தின வாக்குமூலத்தில் பையின் ஜிப் சிக்கிக்கொண்டது என்று சொல்லியிருந்தேன். ஜிப் சிக்கவில்லை. நான் பையை எடுத்து எனக்கு அந்தப் பக்கம், அவன் கைக்கு எட்டாத இடத்தில், தரையில் வைத்தேன்.

அவன் எழப் பார்த்தான். மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தேன். எழுந்தால் வெளியே போய்விடுவான், போனால் திரும்பி வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். இன்னும் பன்னிரண்டு நிமிடம்தான், முடிவு வந்துவிடும், பார்த்ததும் அவனே ஒத்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டேன். பெரிய வெளிப்பெட்டியைத் தனியாளாகத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவன் அவன். அன்று அவன் கையைப் பிடித்து வைக்க எனக்கு ஒரு கையே போதுமானதாக இருந்தது. அது எனக்கே ஆச்சரியம்தான்.

பிறகு இருமல். வெளிச்சக்காரன் தன் தங்கையிடம் விடைபெறுகிற காட்சி, முழுக்க முழுக்க மௌனம், நடுவில் நாலே வார்த்தை. முன்வரிசையில் ஒரு ஆள் திரும்பிப் பார்த்தான். நான் கூலிங்கின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, தலையை என் பக்கம் சாய்த்து, உள்ளங்கையால் வாயை மூடினேன். கேமராவில் பார்த்தால் நண்பனை அணைத்துக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது என்றீர்கள். அணைத்துக்கொண்டும் இருந்தேன். வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் காட்சி நீளமானது.

திரையில் அவன் தன் ஒளியைக் கொடுத்துவிட்டு விழுந்தான். நான் எழுதினபடியே, வலது கை நெஞ்சின் மேல். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாத்தியாடா?" என்று அவன் காதில் கேட்டேன். அப்போது அவன் கை என் முழங்கையில் இல்லை.

பெயர்ப்பட்டியல் ஏழு நிமிடம் ஓடியது. மற்ற ஒன்பது பேரும் போய்விட்டார்கள். விளக்குப் போட்டார்கள். கூட்டுகிற அக்கா துடைப்பத்தோடு வந்தார்.

"முடிஞ்சிடுச்சு தம்பி. அவர எழுப்பு."

"தூங்குறான்க்கா. இன்னும் வால் இருக்கு."

"என்ன வாலு?"

சொன்னேன். அவருக்கும் ஆர்வம் வந்து துடைப்பத்தின் மேல் சாய்ந்து நின்றார். வால் நாற்பது வினாடி. ஏதோ ஒரு வெள்ளை அறை. வெளிச்சக்காரன் படுத்திருக்கிறான். மூடின கண்ணைத் திறக்கிறான். அவ்வளவுதான், திரை இருண்டுவிட்டது.

"அட, செத்தவன் எந்திரிச்சிட்டான். இதுக்கா இவ்ளோ நேரம் உக்காந்திருந்தீங்க?" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அவன் தூங்கவில்லை என்பது எனக்கு முன்பே தெரியுமா என்று மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் தெரியாது என்றேன். தெரியும், சார். அந்த ஏழு நிமிடமும் தெரியும். முதல் இரண்டு தட்டுக்கே தெரியும். பையைத் திறந்திருந்தால் அரை நிமிட வேலை.

பிறகுதான் ஜிப்பைத் திறந்தேன். இன்ஹேலரை எடுக்கவில்லை. அவன் போனை எடுத்தேன். அது அவன் கட்டைவிரலை வைத்தால்தான் திறக்கும். வைத்தேன், திறந்தது. விரல் சூடாகத்தான் இருந்தது. சேனலுக்குள் போய் அவன் பெயரில் மார்க் போட்டேன். பத்துக்கு ஒன்பது. கூடவே ஒரு வரி: ஜெராக்ஸ் சொன்னதுதான் நடந்தது. அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் நூற்று நாற்பது பேர் அந்த வரிக்கு விருப்பம் போட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் என் பெயரை அத்தனை பேர் பார்த்ததே இல்லை.

அவன் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று உதவியாளர் சொன்னார். இதை அவரிடம் கொடுப்பதானால் கொடுங்கள். பிள்ளை பிடிக்காத படம் பார்த்துச் செத்தான் என்று மட்டும் அவர் நினைக்கக்கூடாது. முடிவு அவனுக்குப் பிடித்திருந்தது. அவன் சொல்லவில்லைதான், ஆனால் எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. அந்த வால். நெட்டில் எல்லோரும் அவன் உயிரோடு வந்துவிட்டான், எட்டாம் பாகம் உறுதி, பழையபடி ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதுகிறார்களாம். அப்படியென்றால் கூலிங் சொன்னது சரி என்று ஆகிவிடும். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வெள்ளை அறையில் ஒரு பொருளுக்கும் நிழல் இல்லை, கவனித்தீர்களா? அது கனவு. சாகிறவன் கடைசியாகக் காண்கிற கனவு. உங்கள் மேசையில் டிக்கெட் இருப்பதைப் பார்த்தேன், வழக்குக்காக நீங்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வால் வரைக்கும் உட்கார்ந்தீர்கள்தானே? சொல்லுங்கள் சார், அவன் கண்ணைத் திறந்தது கனவில்தானே, உங்களுக்கு என்ன தோன்றியது?