ரெண்டு மரை

— மொதல்ல சைலன்சர் வாயில துணியை அடைங்க. உள்ள தண்ணி போச்சுன்னா சாயங்காலம் பந்தல்குடி ரேஸ் பைனலுக்கு பைக்கை உருட்டிக்கிட்டுத்தான் போகணும், கொழுந்தனாரே.

— அடைச்சுட்டேன் மதினி. சீக்கிரம் தண்ணியை அடிங்க. கரிசச் சகதி, காஞ்சா கல்லாயிரும்.

— ஆகும்ல. இங்க ஒரு கொடம் தண்ணிக்கு அடிதடி நடக்குது. அங்க திருச்சுழிக் கண்மாயில டேங்கர் டேங்கரா ஊத்திச் சேறாக்கி, அதுல வண்டி விட்டு வெளையாடுறீக.

— அதான் உங்க போர் கெணத்துல ஊறுதே. பாளையம்பட்டியில மத்தவன் வாட்டர் சர்வீஸ் எல்லாம் பூட்டிக் கெடக்கு. நம்ம மெக்கானிக் இன்பராஜு வேற கல்யாணம்னு தூத்துக்குடிக்குப் போயிட்டான். இல்லைன்னா...

— இல்லைன்னா இந்தப் பக்கம் எட்டிப் பாத்திருக்க மாட்டீக. ஒரு வருசமாச்சே.

— அப்பிடி இல்ல மதினி. அண்ணனை இந்தக் கோலத்துல பாக்க மனசு தாங்கலை, சத்தியமா. என்னண்ணே, பேச மாட்டேங்கிறீக?

— என்னத்தப் பேச. ஏலே ஜேசுராஜ், ரெண்டு வீலையும் கழட்டி, முன் வீலை இங்கிட்டு உருட்டு. பேரிங்குக்குள்ள சகதி ஏறியிருக்கும். கழுவிக் கிரீஸ் வைக்கணும்.

— நீங்க எதுக்குண்ணே, சாக்குல உக்காந்துக்கிட்டு...

— இடுப்புக்குக் கீழதான்லே செத்துப்போச்சு. கை கெடக்குல்ல.

— அவுகளே செய்யட்டும். இருளப்பசாமி ஒர்க்‌ஷாப்புன்னு போர்டு இன்னமும் தொங்குதே, அதுக்காச்சும். போன சித்திரை ரேஸ்ல அதே கண்மாயில அவுக முன் வீலு கழண்டு ஓடி, முதுகு ஒடிஞ்சு கெடந்தாக. தூக்க வந்தவுக சொன்னது என்ன தெரியுமா? தன் வண்டி வீலையே ஒழுங்கா முறுக்கத் தெரியாதவனெல்லாம் மெக்கானிக்கான்னு. அதோட ஒருத்தரும் இங்க ரிப்பேருக்கு வண்டி விடலை. நான் ஸ்கூட்டர் கழுவித்தான் உலை வைக்கிறேன்.

— விதி மதினி. யாரு என்ன செய்ய முடியும்?

— விதியா? சரி, இருக்கட்டும். செயினை அந்த மண்ணெண்ணெய்ல போடுங்க. ஏர் பில்ட்டரை எடுங்க. ஐயோ, துணி பிழியுற மாதிரி முறுக்காதீக, கிழிஞ்சிரும். அமுக்கி அமுக்கிப் பிழியணும்.

— பெரிய மெக்கானிக்கா ஆயிட்டீகளே!

— படுத்தபடியே சொல்லிக் குடுத்தாக. வேற என்ன பேச்சு எங்களுக்கு? கொழுந்தனாரே, வெக்கை தாங்கலை. போயி மூணு கோலி சோடா வாங்கிட்டு வாங்க. அதுக்குள்ள பேரிங்கை முடிச்சிருவாக.

— இந்தாங்க சோடா. அட, ரெண்டு வீலும் மாட்டியாச்சா!

— மாட்டியாச்சு. செயினுக்கும் ஆயில் விட்டாச்சு. ஏறிப் போகவேண்டியதுதான்.

— பளபளன்னு ஆக்கிட்டீகளே. மதினி... தட்டுல ஒரு நட்டு கெடக்கு?

— ஆமா, கெடக்கு.

— எதுல உள்ளது?

— தெரியலையே. எங்க வேலை அப்பிடித்தான கொழுந்தனாரே, ஊரே சொல்லுது. ஒண்ணு ரெண்டு மிஞ்சத்தான் செய்யும்.

— வெளையாடாதீக. வீலைப் பிடிக்கிற ஆக்ஸில் நட்டு மாதிரி இருக்கு. ஸ்பானரைக் குடுங்க, நானே பாத்துக்கிறேன்.

— ஸ்பானரு என் மடியில இருக்கு. கேட்டதுக்குப் பதில் சொன்னாத் தாரேன். அன்னைக்கு ரேஸுக்கு முன்னாடி, கூடப் பொறக்காட்டியும் தம்பின்னு நம்பி, வண்டியைப் பாத்துக்கடான்னு உங்களை நிப்பாட்டிட்டுத்தான் அவுக வேட்டி மாத்தப் போனாக. அந்த நேரத்துல என்ன செஞ்சீக?

— என்ன செஞ்சேன்? நின்னேன்.

— அப்பச் சரி, ஏறிப் போங்க. பந்தல்குடி வரைக்கும் நல்ல தார் ரோடு. லாரிதான் கொஞ்சம் கூட வரும்.

— மதினி! உசிரு விசயம் மதினி!

— எங்களுக்கும் அதேதான்.

— நான் கழட்டலை. ஏசு சாமி சத்தியமா கழட்டலை.

— கழட்டலை. பெறகு?

— லூசாக்குனேன். அம்புட்டுத்தான். நட்டு ரெண்டு சுத்து, ரெண்டு மரை பிடிச்சிருந்துச்சு மதினி. ஆட்டம் தெரிஞ்சதும் நிப்பாட்டிருவாருன்னு நெனச்சேன். தொண்ணூத்தொண்ணுல இருந்து அண்ணனுக்கே கப்பு, ரெண்டாவதா வர்ற எனக்கு ஆறுதலுக்கு ஒரு துண்டு. எத்தனை துண்டு வாங்குறது? முதுகு ஒடியும்னு கண்டேனா?

— என்னங்க, கேட்டீகளா?

— கேட்டேன்.

— சொல்லிட்டேன்ல, ஸ்பானரைக் குடுங்க!

— அது எதுக்கு? இது உங்க வண்டி நட்டே இல்ல. அவுக வண்டியில உள்ளது. மறுநாள் கண்மாய்ச் சகதியில கை விட்டுத் துழாவி எடுத்து வச்சிருந்தேன். உங்க வண்டியில ஒண்ணும் கொறையலை. குனிஞ்சு பாருங்க.

— இருக்கு... முன்னாடி இருக்கு. பின்னாடியும் இருக்கு. ச்சே, வேர்க்க வச்சுட்டீகளே மதினி! போயி ஊருக்குள்ள சொல்லுங்க. முடங்கிக் கெடக்கிறவனும் அவன் பொண்டாட்டியும் வயித்தெரிச்சல்ல உளர்றாகன்னு நான் சொல்றேன். யாரை நம்புவாகன்னு பாப்போம்.

— உங்களைத்தான் நம்புவாக. கப்பு இப்ப உங்க வீட்டுலதான இருக்கு.

— பாத்தீகளா, ஒத்த உதையில ஸ்டார்ட்டாயிருச்சு! வாரேண்ணே. ராத்திரி கப்போட வந்து காட்டுறேன்.

— ஏலே, நில்லு. பின் வீலை அவ முறுக்குனா. முன் வீலை நான் முறுக்குனேன்.

— சரி, அதுக்கு என்ன?

— அந்தப் பழைய நட்டைத் தடவிப் பாரு. நுனி ரெண்டு மரைதான் மழுங்கியிருக்கும். போன வருசமே தடவிப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன்லே. நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு இல்ல.

— அண்ணே... முன் வீலை எம்புட்டு முறுக்குனீக?

— ஆட்டம் தெரிஞ்சதும் நிப்பாட்டிரு, தம்பி.