ஒரு கட்டை ஜாஸ்தி

“...சுருதி சேரலன்னா யார் தப்புங்க? நீங்களே சொல்லுங்க, என் தப்பா?”

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் கீழ்பென்னாத்தூர் பஸ் நகராமல் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓவியாவுக்கு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ராஜமதியை முன்பின் தெரியாது.

“அதோ பின்னாடி, ஆள் ஒசரத்துக்கு ஒரு வயலினைக் கட்டிப்புடிச்சிக்கினு நிக்கிறான் பாருங்க, என் தம்பி அர்ஹந்த். டபுள் பேஸுன்னு பேரு. மத்த வாத்தியத்துக்குப் பின்னால முனகறதுதான் அதோட வேலை. அதுக்குப் போய் எவனோ வெள்ளைக்காரன் அந்தக் காலத்துலயே ஒரு கான்செர்ட்டோ எழுதி வெச்சிட்டான். அதுல இந்த வாத்தியந்தான் முன்னாடி நின்னு வாசிக்கும், பின்னால வர்ற மத்த வாத்தியத்துக்கெல்லாம் பதிலா நான் கீபோர்டு. இன்னிக்கு எங்க சித்தப்பா பொண்ணு த்ரிசலா ரிசப்ஷன்ல வாசிக்கணும். அவன் ஒரு கட்டைல நிக்கிறான், நான் ரெண்டு கட்டைல நிக்கிறேன். அவனுக்குக் காது சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். அதுலேர்ந்து எங்கூட பேசறதில்ல... இருங்க, எங்க எழுந்துக்கறீங்க? இன்னும் வண்டியே எடுக்கல.”

ஓவியா மறுபடி உட்கார்ந்தாள்.

“புஸ்தகத்துலதாங்க வில்லங்கம். பாட்டு ஒண்ணுதான். அச்சுப் போட்டவங்க ஆளுக்கொரு சுருதில போட்டிருக்காங்க. ஒண்ணு சாதாரணக் கம்பிக்கு. இன்னொண்ணு மெல்லிசு கம்பி மாட்டி, ஒரு கட்டை ஏத்திக் கட்டறவங்களுக்கு. எங்க புஸ்தகம் ஏத்திக் கட்டறவங்களுக்கு. இவன் மாட்டியிருக்கறது சாதாரணக் கம்பி. எப்டி சேரும்? புஸ்தகத்தப் பாத்து வாங்க வேணாமா... என்ன? யார் வாங்குனதா? நான்தான். கடைக்காரர் போன்ல கேட்டாரு, சாதாரண சுருதியா, ஜாஸ்தி சுருதியான்னு. ஜாஸ்தி இருக்கும்போது கம்மிய யாருங்க வாங்குவாங்க?”

சொல்லி முடித்ததும் ராஜமதிக்கே என்னவோ போலிருந்தது. ஓவியா உதட்டைக் கடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் கிளம்பியது. ராஜமதி எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள்.

“டேய். கீபோர்டுல சுருதியக் கொறைக்க ஒரு பட்டன் இருக்குது. அழுத்திடறேன்.”

“மொத நாளே சொன்னேனேக்கா. நீதான் எறங்கி வரமாட்டேன்ன.”

“சரி, எறங்கறேன்.”

சாயங்காலம் அக்காவும் தம்பியும் ஒரே சுருதியில் வாசித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் ஜைனர் வீட்டுக் கல்யாணம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும். முதல் வரி முடிவதற்குள் மண்டபமே பந்திக்குப் போய்விட்டது.

ராஜமதி கீபோர்டை மூடிவிட்டு, கால்வலியால் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“ஏங்க, பந்திய கொஞ்சம் முன்னாடியே போட்டிருந்தா என்னங்க...”